ஈயக் குண்டுக்கு ஏன் மெழுகும் கொழுப்பும்?

பழைய இடியன் துவக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், குண்டில் கொழுப்பைப் பூசினால் அது வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகுமா?" பெரியவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பூச்சு என்றாலே வழுக்கத்தான் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் வாய்வழி நிரப்பும் துவக்கின் ஈயக் குண்டில் பூசும் மெழுகுக் கலவையின் முதல் வேலை வழுக்குவது அல்ல. குழலுக்குள் படியும் கரியை இளக்கமாக வைத்திருப்பதுதான் அதன் முதல் வேலை. இதைப் புரிந்துகொண்டால் எதில் எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக்கூடாது, அமெரிக்காவில் சரியாக இருக்கும் கலவை மட்டக்களப்பில் ஏன் ஒழுகும் என்பதெல்லாம் தானாகத் தெளியும்.

முதலில் துவக்கை விளங்கிக்கொள்வோம். இடியனின் குழல் பின்பக்கம் மூடியிருக்கும். கருமருந்தை வாய்வழியாகக் கொட்டி, அதன் மேல் ஈயக் குண்டை வைத்து, இடிகோலால் அடிவரை இறக்க வேண்டும். ஒரு வெடி தீர்ந்ததும் மறு வெடிக்கு மறுபடியும் அதே வேலை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பெரும்பாலான படைகள் இப்படித்தான் சுட்டன. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைப் பொழுதுபோக்காகவும் இலக்குப் போட்டியாகவும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்தத் துவக்குக்கென்றே தனி வேட்டைக் காலம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஈயத்தை வீட்டில் வார்ப்பதும் பூச்சை அடுப்பில் காய்ச்சுவதும் அங்கே அந்தப் பொழுதுபோக்கின் ஒரு பகுதி.

நம் இலங்கையில் நிலைமை வேறு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். காட்டோரத்தில் பன்றிக்கென்று கட்டிவைத்த துவக்குகள் மனிதரின் காலையும் யானையின் காலையும் முறித்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அந்த வேலைக்கு இந்தக் கட்டுரை துணை போகாது. இங்கே நான் சொல்ல வருவது பூச்சைப் பற்றி மட்டும்தான். மெழுகையும் கொழுப்பையும் சேர்த்தால் ஏன் நல்ல பூச்சு கிடைக்கிறது என்ற அறிவு, துவக்கே இல்லாத வீட்டிலும் பயன்படும்.

கருமருந்து விட்டுச்செல்லும் கரி

வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது கருமருந்து. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஏறக்குறைய முழுவதுமாக வாயுவாக மாறிவிடும். கருமருந்து அப்படி எரியாது. எரிந்த பின் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அதில் கொஞ்சம் வெண்புகையாக வெளியேறும். மீதி குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கசட்டில் பொற்றாசியம் காபனேற்று, பொற்றாசியம் சல்பேற்று, கந்தகச் சேர்வைகள், எரியாத கரி எல்லாம் கலந்திருக்கும்.

இந்தக் கசடு இரண்டு விதமாகத் தொல்லை தரும். வறண்ட காற்றில் அது ஓடாக இறுகிவிடும். முதல் வெடிக்குச் சுலபமாக இறங்கிய குண்டு, சில வெடிகளுக்குப் பிறகு பாதி வழியில் நின்றுவிடும். குண்டு அடிவரை இறங்காமல் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குழல் புடைக்கவோ வெடிக்கவோ கூடும். சுடுபவரின் கையும் கண்ணும் போய்விடும். ஈரக் காற்றிலோ அதே கசடு, மாரி காலத்தில் உப்புச் சாடி கசிவதைப் போலத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்போது இரும்பு துருப்பிடிக்கும். ஓர் இரவு கழுவாமல் விட்டாலே உள்ளே செம்மண் நிறம் தெரியும்.

மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சு இந்த இடத்தில்தான் உதவுகிறது. வெடியின் சூட்டில் இளகி, புதிதாகப் படியும் கரியோடு கலந்து, அதை ஓடாக இறுக விடாமல் பசையாக வைத்திருக்கிறது. அடுத்த குண்டு இறங்கும்போது அந்தப் பசையைத் தானே வழித்துக்கொண்டு கீழே போகும். அது வெளியேறும்போது பழைய கசட்டில் ஒரு பகுதியும் வெளியே போகும். பூச்சு நல்லதென்றால் பல வெடிகள் வரை குழலைத் துடைக்காமலே நிரப்பலாம். பூச்சு மோசமென்றால் ஒவ்வொரு வெடிக்கும் துணி விட்டுத் துடைக்க வேண்டும். இலக்குப் போட்டியில் நிற்பவர்கள் குழலின் வாயில் மெல்லிய ஈரப் பசை வளையம் படிகிறதா என்று பார்ப்பது இதனால்தான். வாய்வரை பசை வந்திருந்தால் குழலின் முழு நீளத்துக்கும் பூச்சு போதியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வேலை ஈயம் ஒட்டாமல் பார்ப்பது. ஈயம் மிருதுவான உலோகம். நகத்தால் கீறினால் கோடு விழும். 327 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். வாவியில் வீச்சுவலை வீசுபவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வலையின் ஓரத்து மணிகளை விரலால் அழுத்திப் பார்த்தே ஈயம் சுத்தமா, கலப்பா என்று சொல்லிவிடுவார்கள். இந்த மிருதுவான உலோகம் எஃகுக் குழலில் உரசிக்கொண்டு ஓடும்போது தோல் தோலாகச் சுவரில் அப்பிக்கொள்ளும். குழலுக்குள் சுழல் புரிகள் வெட்டியிருந்தால் அவை ஈயத்தால் அடைபட்டு, குண்டு சரியாகச் சுழலாமல் எங்கோ போகும். நடுவே ஒரு மெழுகுப் படலம் இருந்தால் இது பெரும்பாலும் தவிரும்.

வழுக்குவது மூன்றாவதுதான். இடிகோலால் தள்ளும்போது கைக்கு இலகுவாக இருக்கும், அவ்வளவே. வேகத்தை எல்லாம் மருந்தின் அளவும் குழலின் நீளமும் பார்த்துக்கொள்ளும்.

பூச்சை எங்கே பூசுவது என்பது குண்டைப் பொறுத்தது. உருண்டைக் குண்டு என்றால் குழலைவிடச் சற்றுச் சிறியதாக வார்த்து, அதைச் சுற்றி ஒரு பருத்தித் துணித் துண்டை வைத்து இறக்குவார்கள். பூச்சு அந்தத் துணியில் ஊறியிருக்கும். நீள்வடிவக் குண்டு என்றால் இடுப்பில் வளைய வளையமாகப் பள்ளம் இருக்கும். பூச்சை அந்தப் பள்ளத்தில் நிரப்புவார்கள். பிரான்ஸ் நாட்டுப் படை அதிகாரி குளோட் எத்தியேன் மினியே 1840களின் இறுதியில் அமைத்த குண்டு இந்த வகை. அடியில் குழிவாக இருக்கும். இறக்கும்போது தளர்வாக இறங்கும். சுட்டதும் அடிப்பாகம் விரிந்து புரியைப் பிடித்துக்கொள்ளும். துணிக்கு இளகிய பூச்சு நல்லது, பள்ளத்துக்குக் கெட்டியான பூச்சு நல்லது. பொதுவாகப் புதியவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ஒரே கலவையை இரண்டுக்கும் போட்டுவிட்டு, கலவைதான் சரியில்லை என்று சொல்வார்கள்.

ஏன் வாகனக் கிறீஸ் ஆகாது?

கராஜில் கிடக்கும் கிறீஸ் டப்பாவை எடுத்துப் பூசினால் என்ன? பெற்றோலியத்திலிருந்து வரும் எண்ணெயும் கிறீசும் கருமருந்தின் கசட்டோடு சேரும்போது கறுத்த தாராக இறுகிவிடும். இளக்கமாக வைத்திருக்க வேண்டிய பூச்சே இறுகவைத்தால் அதைப் பூசிப் பயனில்லை. அதைத் தண்ணீரால் கழுவவும் முடியாது. கருமருந்துக் கசட்டின் பெரும்பகுதி உப்புகள், அவை சுடுதண்ணீரில் கரையும். அதனால்தான் இடியனை மண்ணெண்ணெயால் கழுவாமல் சுடுதண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுவார்கள். விலங்குக் கொழுப்பும் தாவர எண்ணெயும் இந்தக் கழுவலுக்கு இடைஞ்சல் தருவதில்லை.

மெழுகுதிரி மெழுகும் பெற்றோலியத்திலிருந்து வருவதுதான். ஆனால் அது எண்ணெயைப் போலத் தாராகிவிடுவதில்லை என்று சொல்லி அதைக் கலப்பவர்களும் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெழுகுதிரி மெழுகு மொறமொறவென்று உடையும். பள்ளத்தில் நிரப்பிய பூச்சு தட்டுப்பட்டதும் துண்டாகக் கழன்று விழும். தேன்மெழுகு வளையும், ஒட்டும், கைச்சூட்டிலேயே களியாகிவிடும். இந்தக் குணத்துக்கு ஈடாக நம் கையில் கிடைக்கும் வேறு மெழுகு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் தேன்மெழுகு மட்டும் போதாதா? போதாது. அது 62 முதல் 64 பாகை வரையில்தான் உருகும். தனியாகப் பூசினால் கெட்டியாக நின்றுவிடும், கரியோடு சேர்ந்து கலவாது. கொழுப்பு மட்டும் போதாதா? அதுவும் போதாது. தேங்காயெண்ணெய் 24 பாகையளவிலேயே உருகிவிடுவதால் மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருக்கும். பள்ளத்தில் பூசினால் வழிந்தோடி மருந்தை நனைத்துவிடும். நனைந்த மருந்து பற்றாது. மாட்டுக் கொழுப்பு 40 பாகைக்கு மேல்தான் உருகும் என்றாலும் நம் வெயிலில் குழைந்துபோகும். ஆக, நின்ற இடத்தில் நிற்பதற்கு மெழுகு, இளகிப் பரவுவதற்குக் கொழுப்பு. இரண்டையும் எந்த அளவில் சேர்ப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

ஒரு பூச்சு கிளப்பிய தீ

இந்தக் கலவையின் கதையைச் சொல்லும்போது 1857ஐத் தாண்டிப் போக முடியாது. கிழக்கிந்தியக் கம்பனியின் இந்தியச் சிப்பாய்களுக்கு அந்த நேரத்தில் என்ஃபீல்டு என்ற புதிய புரித்துவக்கு அறிமுகமாகிக்கொண்டிருந்தது. மருந்தையும் குண்டையும் ஒரே கடதாசிச் சுருளில் கட்டியிருப்பார்கள். குண்டு இருக்கும் முனையில் கொழுப்பும் மெழுகும் பூசியிருக்கும். பயிற்சி முறைப்படி சிப்பாய் சுருளின் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டை இறக்க வேண்டும்.

அந்தக் கொழுப்பு எந்த விலங்கினுடையது? 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம் டம்மில் பேச்சு கிளம்பியது. மாட்டுக் கொழுப்பு என்றால் இந்துவுக்கு ஆகாது, பன்றிக் கொழுப்பு என்றால் முஸ்லிமுக்கு ஆகாது. அதிகாரிகள் கொஞ்ச நாளிலேயே வழிக்கு வந்தார்கள். பூச்சில்லாத சுருளைத் தருகிறோம், நெய்யோ எண்ணெயோ மெழுகோ நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்றார்கள். பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கும்படி பயிற்சியையும் மாற்றினார்கள். ஆனால் சந்தேகம் அதற்குள் கடதாசிக்குத் தாவிவிட்டது. அது பளபளக்கிறதே, அதிலும் கொழுப்பு இருக்குமோ என்று. ஏப்ரல் 24ஆம் திகதி மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் சுருளைத் தொட மறுத்தார்கள். அன்று கொடுக்கப்பட்டது பழைய வகைச் சுருள்தான் என்றாலும் யாரும் நம்பத் தயாராயில்லை. மே 9ஆம் திகதி அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது.

எழுச்சிக்கு நிலம், வரி, சம்பளம், பறிக்கப்பட்ட அரசுகள் என்று ஆழமான காரணங்கள் பல உண்டு. பூச்சு பற்றவைத்த பொறி மட்டுமே. ஆனால் நம் பாடத்துக்கு இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. நெய்யும் மெழுகும் கலந்து பூசினாலும் துவக்கு அதே மாதிரித்தான் வேலை செய்யும். வேலைக்குத் தேவையானது இளகும் ஒரு கொழுப்பு. அது மாட்டினுடையதா, ஆட்டினுடையதா, தென்னையினுடையதா என்று கரிக்குத் தெரியாது. காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் ஆரையம்பதிக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது ஆறுதலான உண்மை. யாருடைய நம்பிக்கையையும் இடறாமல் தேங்காயெண்ணெயிலும் இலுப்பெண்ணெயிலும் செய்துகாட்டலாம்.

தேன்நாட்டு மெழுகு

மீன்பாடும் தேன்நாடு என்று நம் மாவட்டத்தைச் சொல்கிறோம். தேனைச் சொல்லும் நாம் மெழுகைப் பெரும்பாலும் எறிந்துவிடுகிறோம். எனக்கு அது மனத்தை வருத்தும் விஷயம். வேலைக்காரத் தேனீ தன் வயிற்றின் அடிப்பக்கச் சுரப்பிகளிலிருந்து மெல்லிய செதில்களாக மெழுகை வெளிவிட்டு, அதை மென்று அடை கட்டுகிறது. ஒரு கிலோ மெழுகுக்குப் பல கிலோ தேனை அது சாப்பிட்டிருக்கும். பிழிந்த அடையைக் குப்பையில் போடுவது அந்த உழைப்பு அத்தனையையும் சேர்த்துப் போடுவதுதான்.

மலைத்தேனீயின் பெரிய அடை, மரப்பொந்துத் தேனீயின் அடுக்கடை, கொம்பில் தொங்கும் சிறுதேனீயின் கையளவு அடை என்று எதிலிருந்தும் மெழுகு எடுக்கலாம். வாகரைப் பக்கத்து வேடர் சமூகத்தாரும் படுவான்கரையில் தேன் எடுப்பவர்களும் அடையைக் கண்டாலே எவ்வளவு மெழுகு தேறும் என்று சொல்லிவிடுவார்கள். கறுத்த பழைய அடையில் புழுக்கூட்டுத் தோல்தான் அதிகம், மெழுகு குறைவு. தேன் மட்டும் இருந்த வெளிறிய அடையில்தான் சுத்தமான மெழுகு கிடைக்கும்.

சுத்தப்படுத்துவது கஷ்டமான வேலை அல்ல. பிழிந்த அடையைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, தேன் முழுவதும் போகவிடுங்கள். தேன் மிஞ்சினால் பூச்சில் இனிப்பும் ஈரமும் தங்கி எறும்பு மொய்க்கும், இரும்பும் துருப்பிடிக்கும். அலசிய அடையை ஒரு பழைய பருத்திச் சீலையில் மூட்டையாகக் கட்டி, அலுமினியச் சட்டியில் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் கொதித்துத் தளும்பக்கூடாது. மெழுகு உருகிச் சீலை வழியே கசிந்து மேலே மிதக்கும். மூட்டையை ஒரு கட்டையால் அழுத்தி எடுத்துவிட்டு, சட்டியை மூடி அப்படியே ஆறவிடுங்கள். விடிந்ததும் மேலே மஞ்சள் தட்டாக நிற்கும். அடியில் ஒட்டியிருக்கும் கறுப்பைக் கத்தியால் சுரண்டிவிட்டு, தேவையென்றால் மறுபடி ஒரு முறை உருக்கலாம். இரும்புச் சட்டியிலும் செம்புப் பாத்திரத்திலும் உருக்கினால் மெழுகு நிறம் கெடும்.

கடையில் வாங்குவதானால் மூக்கையும் விரலையும் நம்புங்கள். நல்ல தேன்மெழுகில் தேன் வாசனை இருக்கும். உடைத்தால் உடைந்த முகம் மணல் மணலாகத் தெரியும். விரலிடையே பிசைந்தால் கொஞ்ச நேரத்தில் வளையும். வாசனையே இல்லாமல், தொட்டதும் வழவழவென்று, பிசைந்தால் நொறுங்கும் கட்டி என்றால் மெழுகுதிரி மெழுகு கலந்திருக்கிறது.

எந்தக் கொழுப்பு?

விலங்குக் கொழுப்பு என்றால் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்புத்தான் சிறந்தது. சிறிதாக வெட்டி, கொஞ்சம் தண்ணீரோடு மெதுவாகக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட்டால் மேலே வெள்ளைத் தட்டாக உறையும். இறைச்சித் துணுக்கு ஒன்றுகூட மிஞ்சக்கூடாது, அழுகி நாறும். தண்ணீரும் மிஞ்சக்கூடாது. உறைந்த தட்டைத் துடைத்து மறுபடி மெல்லிய சூட்டில் உருக்கி, சலசலப்பு அடங்கும்வரை வைத்திருந்தால் ஈரம் போய்விடும்.

உப்பு எந்த வழியாலும் உள்ளே வரக்கூடாது. உப்புப் போட்ட பட்டர், பொரித்து மிஞ்சிய எண்ணெய் இரண்டையும் தள்ளிவையுங்கள். கருமருந்தின் கசடே இரும்பை அரிக்கும். அதனோடு சமையல் உப்பும் சேர்ந்தால் அரிப்பு இரட்டிப்பாகும்.

தாவர எண்ணெய்களில் தேங்காயெண்ணெய் எளிதில் சிக்குப் பிடிக்காது. நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் அதில் அதிகம் என்பதே காரணம். இலுப்பெண்ணெய் தேங்காயெண்ணெயைவிடத் தடிப்பு. கோயில் விளக்குக்கு வாங்குபவர்களுக்கு அது தெரியும். இரண்டையும் கலந்தும் போடலாம். ஆமணக்கெண்ணெய் பசைத்தன்மை மிகுந்தது, சூட்டிலும் எளிதில் நீர்த்துப்போகாது. பழைய விமான இயந்திரங்களுக்கு அதைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரோல் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். கூடாத எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். அது காற்றில் காய்ந்து வார்னிஷாக இறுகிவிடும். மரத்துக்கு அது நல்லது, இரும்புக் குழலுக்கு ஆகாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கொழுப்பு பழசாகிப் புளித்தால் அதில் கொழுப்பமிலங்கள் பெருகும். அவை ஈயத்தை அரித்து வெண்பூச்சாகப் படியவைக்கும். பூசி நாட்கணக்கில் வைத்த குண்டு தடித்து, குழலில் இறங்க மறுக்கும். 19ஆம் நூற்றாண்டில் படைகளுக்கே இது தலைவலியாக இருந்தது. பிரித்தானியர் காலப்போக்கில் கொழுப்பைக் குறைத்து மெழுகைக் கூட்டியதற்கு வெப்ப நாடுகளில் கொழுப்பு உருகியதோடு இதுவும் ஒரு காரணம்.

நம் வெயிலுக்கு எந்த அளவு?

1860களில் அமெரிக்கப் படைக்கலப் பிரிவு பின்பற்றிய அளவு ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு கொழுப்பு. குளிரில் அது நன்றாக வேலை செய்யும். அதே அளவைக் கச்சான் காற்று வீசும் நாளில் மட்டக்களப்பில் வைத்தால் பிற்பகலுக்குள் களியாகிவிடும். எனவே இங்கே மெழுகைக் கூட்டத்தான் வேண்டும். விலங்குக் கொழுப்பென்றால் ஒரு பங்கு மெழுகுக்கு இரண்டு பங்கு போடலாம். அறைச்சூட்டில் தண்ணீராக இருக்கும் தேங்காயெண்ணெய் என்றால் பள்ளத்தில் நிற்கும் பூச்சுக்குச் சரி பாதி. துணியில் ஊறவைக்க ஒன்றுக்கு மூன்று. எல்லாமே எடையளவு. 50 கிராம் மெழுகோடு தொடங்குங்கள், அதற்கு மேல் முதல் தடவையிலேயே வேண்டாம்.

காய்ச்சும் முறை எளிது. ஒரு சட்டியில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் ஒரு வெறும் மீன் ரின்னை இறக்கி, மெழுகை அதில் உருக்குங்கள். நேரே அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீர்ச் சட்டிக்குள் சூடு 100 பாகையைத் தாண்டாது, அதனால் தீப்பிடிக்கும் எல்லைக்கு மெழுகு போகாது. மெழுகு முழுதும் உருகிய பிறகு எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு ஒரு குச்சியால் கலக்குங்கள். குளிர்ந்த எண்ணெயை ஒரேயடியாக ஊற்றினால் மெழுகு கட்டிக்கட்டியாகத் திரளும். திரண்டால் பதறவேண்டாம், மறுபடி உருகும். தெளிந்ததும் இறக்கி, ஆறும்வரை இடையிடையே கலக்கிக்கொண்டிருங்கள். அப்போதுதான் அடியிலிருந்து மேல்வரை ஒரே பதமாக இருக்கும். தப்பித்தவறித் தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அமுக்குங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் கொழுப்பு சிதறி முகத்தில் அடிக்கும்.

பதம் பார்க்க, இறக்குவதற்கு முன்பே ஒரு சொட்டை எவர்சில்வர்த் தட்டில் விட்டு உறையவையுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், ஆனால் விரலோடு இழுபடக்கூடாது. பிறகு தட்டைச் சாய்த்து, நிழலில், பகல் முழுவதும் வையுங்கள். மாலையில் சொட்டு வைத்த இடத்திலேயே இருந்து, அதைச் சுற்றி எண்ணெய் வளையம் கசியாமல் இருந்தால் அளவு சரி. வழிந்திருந்தால் மெழுகு குறைவு. வெடிப்பு விழுந்து தட்டிலிருந்து பெயர்ந்தால் மெழுகு அதிகம். நேர் வெயிலில் வைத்துப் பார்ப்பது சரியான சோதனை அல்ல. வெயிலில் கிடக்கும் தகரம் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும், அதில் எந்தக் கலவையும் உருகும். வாடைக்காற்றுக் காலத்தில் இதே பூச்சு கொஞ்சம் இறுகலாகத் தெரியும், அப்போது ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்து மறுபடி உருக்கினால் போதும்.

ஈயத்தைத் தொடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இது வீச்சுவலை மணி வார்ப்பவர்களுக்கும் பொருந்தும். ஈயம் உடம்பில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது, பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குசினியில் ஈயம் உருக்காதீர்கள். ஈயத்துக்கு எடுத்த சட்டியும் கரண்டியும் பிறகு சமையலுக்குத் திரும்பக்கூடாது. ஈயம் பட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வெற்றிலைகூடப் போடக்கூடாது. உருகிய ஈயத்தில் தண்ணீர்த் துளி விழுந்தால் வெடித்துத் தெறிக்கும் என்பதால் மழை நாளில் திறந்த வெளியில் உருக்குவதும் ஆபத்து.

துவக்கில்லாத வீட்டில் இந்தப் பூச்சுக்கு என்ன வேலை என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. வேளாண்மை வெட்டு முடிந்து மண்வெட்டியையும் கத்தியையும் தூக்கிவைக்கும்போது மெல்லப் பூசினால் மாரி முழுவதும் துரு அணுகாது. சரி பாதிக் கலவை தோல் செருப்புக்கும் இடுப்புப் பட்டிக்கும் நல்லது. இறுகிய மேசை இழுப்பறையின் ஓரத்தில் தேய்த்தால் சுலபமாக ஓடும். வலை பின்னும் நூலை மெழுகு அதிகமான கட்டியில் ஒருமுறை இழுத்தெடுத்தால் முறுக்கு அவிழாது. மரப்பிடியில் பூசுவதானால் கொஞ்சமாகப் பூசி, பழைய சாரத் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். அதிகமாக விட்டால் வெட்டும்போது பிடி கையில் நழுவும்.